ஆயா எண்ணிய வேதங்கள்

மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு கேள்வித்தாள் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு கேள்வி: வேதங்கள் எத்தனை? அன்றைக்கு நான் வீட்டில் இல்லை. வழக்கம்போல அவள் ராபர்ட்சன்பேட்டைக்குப் போன் போட்டு என் அம்மாவைக் கேட்டிருக்கிறாள். "ஆயா, வேதம் எத்தன?"

"எந்த வேதத்தக் கேக்குற கண்ணு? நம்ம லைன்லயே மூணு இருந்திச்சே."

அவளும் 'மூன்று' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் '4' என்று திருத்தி வந்தது. டீச்சரைக் குறை சொல்ல முடியாது. வாரம் இரண்டு மணி நேரம் சம்பளமில்லாமல் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவர். பாடப் புத்தகத்தில் நான்கு என்றுதான் இருக்கிறது. ஆனால் அம்மா சொன்னதும் தப்பில்லையே என்று மனசு கேட்கவில்லை. ராத்திரி நானே போன் போட்டேன். "எம்மா, அந்த மூணு எது?"

"சர்ச்சுக்காரங்க வேதம், பாய் வீட்டு வேதம், மாரிக்குப்பம் புத்தர் கோயில்காரங்க ஆதிவேதம். உங்க தாத்தா அதத்தான படிப்பாரு."

"ரிக்கு, யஜுருன்னு நாலு இருக்கேம்மா?"

"அது ஐயருங்க வேதம். அது நம்ம லைன்ல ஏதுடா?"

இந்தப் பதிவு அந்தக் கடைசி வரிக்காக.

தங்கவயலைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிவிடுகிறேன். கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது. தெற்கே கொஞ்சம் போனால் தமிழ்நாடு, தென்கிழக்கே கொஞ்சம் போனால் ஆந்திரத்துக் குப்பம். 1870-களில் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்ட ஆரம்பித்தார். 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தது. பிறகு 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடும் வரைக்கும் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போனார்கள். அந்த ஆழத்துக்கு இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த தமிழர்கள். அதிலும் பெரும்பகுதி ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டிருந்த மக்கள். கம்பெனி வரிசை வரிசையாகக் குடிசைகள் போட்டுக் கொடுத்தது. அதற்குத்தான் 'லைன்' என்று பெயர். ஒரே லைனில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர், மாதா கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், புத்தரைக் கும்பிடுகிறவர் எல்லாரும் ஒரு குழாயடியில் தண்ணீர் பிடித்தார்கள். அம்மாவின் கணக்கு அந்தக் குழாயடிக் கணக்கு.

இனி வார்த்தைக்கு வருவோம்.

வேதம் என்பது வடமொழிச் சொல். 'வித்' என்ற வேரிலிருந்து வந்தது. அதற்கு 'அறிதல்' என்று பொருள். வித்தை, வித்துவான், வித்யா எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஜெர்மன்காரர்கள் 'அறிவது' என்பதற்குச் சொல்லும் 'விஸ்ஸன்', ஆங்கிலத்து 'விட்', லத்தீனில் பார்ப்பது என்று பொருள்படும் 'விதேரே' (நம் வீட்டு 'வீடியோ' அங்கிருந்து வந்ததுதான்) ஆகியவை ஒன்றுவிட்ட சொந்தம் என்று மொழியியல்காரர்கள் சொல்கிறார்கள். ஆக, அந்தச் சொல்லுக்கு அடியில் இருப்பது 'அறிவு' மட்டுமே. எந்தச் சாமியும் இல்லை, எந்தப் புத்தகமும் இல்லை. புத்தகம் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரிக், யஜுர், சாமம், அதர்வணம் நான்கும் மிக நெடுங்காலம் எழுதப்படாமலே இருந்தவை. காதால் கேட்டு வாயால் சொல்வது. அதனால் வடமொழியில் 'ச்ருதி', தமிழில் 'கேள்வி', 'எழுதாக் கிளவி'. ஓதப்படுவதால் 'ஓத்து' என்றும் ஒரு பெயர். திருக்குறளில் பார்ப்பானைப் பற்றி வரும் இடத்தில் வள்ளுவர் போட்டிருக்கும் சொல் 'ஓத்து'தான்.

பழந்தமிழில் அதிகம் புழங்கிய பெயர் 'மறை'. நான்மறை, அருமறை. மறை என்றால் மறைந்திருப்பது, ரகசியம். அதே குறளில் காமத்துப்பாலில் வரும் 'மறை' காதலர்களின் ரகசியம். வடமொழிப் பெயர் 'தெரிந்தது' என்கிறது, தமிழ்ப் பெயர் 'தெரியாமல் வைத்தது' என்கிறது. பெயர் வைத்தவர் யாரோ, வெளியே நின்று பார்த்துதான் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம், இலக்கணக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

மறைப்பு என்பது வெறும் உருவகமும் இல்லை. கௌதம தர்மசூத்திரம் என்ற பழைய சட்ட நூல், வேதம் ஓதுவதை ஒரு சூத்திரன் வேண்டுமென்றே கேட்டால் அவன் காதில் ஈயத்தையோ அரக்கையோ காய்ச்சி ஊற்றச் சொல்கிறது. ஊற்றினார்களா இல்லையா என்று விவாதிக்கலாம். எழுதிவைத்தார்கள் என்பதில் விவாதம் இல்லை. சூத்திரனுக்கே இந்த நிலை என்றால் அந்த நான்கு வருணத்துக்கும் வெளியே தள்ளப்பட்டவனைக் கேட்கவே வேண்டாம். கடைசியில் ரிக் வேதம் முழுதாக அச்சேறியது ஆக்ஸ்ஃபோர்டில். மாக்ஸ் முல்லர் 1849 முதல் 1874 வரை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். ஆரம்பச் செலவைக் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி! தமிழில் ம.ரா.ஜம்புநாதன் வேதங்களை மொழிபெயர்த்தது இருபதாம் நூற்றாண்டில். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம்.

ஆனால் தமிழ்நாட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. பொருளைப் பூட்டி வைத்தார்கள், பெயரைப் பூட்டி வைக்க முடியவில்லை. வேதாரண்யத்துக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். திருமறைக்காடு என்பது அதன் தமிழ்ப் பெயர். வேதங்களே வந்து பூசை செய்து அடைத்துவிட்டுப் போன கோயில் கதவை அப்பர் தமிழில் பாடித் திறக்க, சம்பந்தர் பாடி மூடினார் என்பது கதை. அப்பர் வேளாளர். வேதம் மூடிய கதவுக்குத் தமிழே சாவி என்று கதை கட்டியவர்கள் சும்மா கட்டியிருக்க மாட்டார்கள். வைணவத்தில் நம்மாழ்வார் பாசுரங்களுக்குத் 'திராவிட வேதம்' என்றே பெயர். சைவர்கள் தேவாரத்தைத் தமிழ் மறை என்றார்கள். திருக்குறளுக்குப் பொதுமறை, தமிழ்மறை, உத்தரவேதம் என்று மூன்று நான்கு பட்டங்கள். தனித்தமிழ் பேசிய வேதாசலம் தன் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டார். வடசொல்லை விட்டார், வேதத்தை விடவில்லை :-)

இந்த வரிசையில் அடுத்து வந்தவர்கள்தான் அம்மா சொன்ன 'சர்ச்சுக்காரங்க'.

இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தார். காவி கட்டி, மரக்கறி தின்று, தமிழும் வடமொழியும் படித்தார். கிறிஸ்தவ சமயத்தை என்ன பெயரில் சொல்வது என்று வந்தபோது அவருக்குக் கிடைத்த சொல் வேதம். தன்னுடையது 'சத்திய வேதம்'. அதாவது வேதம் என்றால் அவர் வழக்கில் புத்தகம் மட்டும் அல்ல, மார்க்கமே வேதம். 18-ம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய இரண்டு உரைநடை நூல்களின் பெயரைப் பாருங்கள்: 'வேதியர் ஒழுக்கம்', 'வேத விளக்கம்'. இந்த வேதியர் அக்கிரகாரத்து வேதியர் இல்லை, ஊர் ஊராகப் போய் ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்த உபதேசியார்கள். சாதியால் மட்டுமே ஆக முடிந்த வேதியர் பதவிக்கு எந்தச் சாதிக்காரரும் வேலைக்குச் சேரலாம் என்றாகிவிட்டது. சமயத்துக்காக உயிர் விட்டவர் 'வேதசாட்சி'. 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையை குமரி மாவட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். 2022-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

அதன்பின் வழக்கு பெருகியது. மதம் மாறினால் 'வேதத்தில் சேர்ந்துவிட்டார்கள்'. தேவாலயம் 'வேதக்கோயில்'. ஆட்கள் 'வேதக்காரர்'. யாழ்ப்பாணத்து நண்பர்கள் இன்றும் இப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வேதமுத்து, வேதமாணிக்கம் என்ற பெயரைக் கேட்டால் திருநெல்வேலிக்காரர் ஆளைச் சர்ச்சில் தேடுவார். தஞ்சைக்காரர் கொஞ்சம் யோசிப்பார், ஏனென்றால் வேதநாயகி என்று அம்மன் இருக்கிறாள். தமிழின் முதல் நாவல் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர் என்பதை நானே கல்லூரிக்குப் போனபிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சீர்திருத்தச் சபையார் பைபிளுக்கு வைத்த பெயர் 'வேதாகமம்'. இது அழகான கூட்டுச் சொல். சைவர்களுக்கு வேதம் ஒன்று, ஆகமம் ஒன்று, இரண்டும் இறைவன் வாக்கு. ஆகமம் என்றால் 'வந்தது', வழிவழியாக வந்தது. சமணர்களுக்கும் ஆகமம் உண்டு. அந்த இரண்டையும் ஒட்டவைத்து ஒரே அட்டைக்குள் தைத்துவிட்டார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, சைவத்துக்காக வாழ்நாள் முழுக்கப் பாதிரிகளோடு மல்லுக்கட்டிய ஆறுமுக நாவலர்தான் இளம் வயதில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குப் பைபிளைத் தமிழாக்கத் துணை நின்றார். கத்தோலிக்கர்கள் பிற்காலத்தில் 'விவிலியம்' என்று வந்துவிட்டார்கள். அது கிரேக்க 'பிப்லியா'வின் தமிழ் உச்சரிப்பு. அதற்கும் மூலம் 'நாணல் தாளில் எழுதிய புத்தகங்கள்'. நாணல் தாள் விற்ற துறைமுகம் பிப்லோஸ், இன்றைய லெபனானில் இருக்கிறது.

எங்கள் ஊர் எல்லை ஊர் ஆகையால் இன்னொன்றும் கண்ணில் படும். கன்னட பைபிளின் அட்டையில் 'ஸத்யவேதவு' என்று போட்டிருக்கும். மலையாளத்தில் 'ஸத்யவேதபுஸ்தகம்'. தெலுங்கில் மட்டும் 'பரிசுத்த கிரந்தமு'. கிரந்தம் என்றால் கட்டியது, முடிந்தது. ஓலைகளைக் கயிற்றில் கோத்துக் கட்டிய கட்டு. சீக்கியர்களின் குரு கிரந்த் சாகிபில் இருப்பதும் அந்தக் கிரந்தம்தான். நாம் நூல் என்று சொல்வதும் அந்தக் குடும்பத்து எண்ணம்தான் என்று நினைக்கிறேன். பெங்களூருக்குப் போகும் பாசஞ்சரில் ஒரே பெட்டியில் இந்த மூன்று மொழிப் பைபிளையும் ஒரு நாள் பார்த்திருக்கிறேன்.

வேதம் என்று பெயர் வைத்ததோடு நில்லாமல் வேதத்தையே செய்துபார்த்த கூத்தும் நடந்தது. 1760-ல் பிரெஞ்சு தத்துவஞானி வோல்டேருக்கு 'எஸூர்வேதம்' என்ற கையெழுத்துப் பிரதி கிடைத்தது. கிறிஸ்துவுக்கு முந்திய இந்திய ஞானம் என்று அவர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். கடைசியில் பார்த்தால் அது பாதிரிமார்கள் வட்டத்தில் பிரெஞ்சில் எழுதப்பட்ட சரக்கு. அந்தச் சரக்கின் மூலப் பிரதிகளைப் புதுச்சேரியில் கண்டுபிடித்து எழுதியவர் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ். இந்த எல்லிஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

அடுத்து பாய் வீட்டு வேதம். தமிழ் முஸ்லிம்கள் குர்ஆனைத் திருமறை, அருள்மறை, வேதம் என்றெல்லாம் சொல்வார்கள். டீச்சர் கவனிக்க வேண்டியது, அவர்கள் கணக்கிலும் வேதம் நான்கு! மூசா நபிக்குத் தவ்ராத், தாவூது நபிக்கு ஸபூர், ஈசா நபிக்கு இன்ஜீல், முகம்மது நபிக்கு ஃபுர்கான் என்ற குர்ஆன். தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் குறிக்க 'வேதக்காரர்கள்' என்ற சொல் வரும். சர்ச்சுக்குப் போகிறவரை ஊரில் கூப்பிடும் அதே பெயர். இன்னொரு பொருத்தம். குர்ஆன் என்ற சொல்லுக்கே 'ஓதப்படுவது' என்று பொருள். சின்ன வயதில் என் சிநேகிதன் சாயங்காலம் விளையாட வரமாட்டான், 'ஓதப் போறேன்' என்பான். கோயிலில் தேவாரம் பாடுகிறவர் ஓதுவார். வேதத்துக்குப் பழைய பெயர் ஓத்து. மூன்று இடத்திலும் வேலை ஒன்றுதான், வாய்விட்டுச் சொல்வது.

இப்போது மாரிக்குப்பம். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அயோத்திதாச பண்டிதர் 1845-ல் பிறந்தவர். சித்த மருத்துவர், தமிழோடு வடமொழியும் பாலியும் அறிந்தவர். 1898-ல் கர்னல் ஆல்காட்டோடு கொழும்புக்குப் போய், வித்யோதயப் பிரிவெனாவின் சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தரானார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் வந்தது. விலை பெயரிலேயே இருக்கிறது. அடுத்த வருஷம் பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது. அந்த 1907-லேயே மாரிக்குப்பத்தில் சங்கத்தின் கிளை எழுந்தது. சங்கத்தின் வலுவான கிளைகளில் அது ஒன்று. காரணம் எளிது. ஊர் நாட்டாமைக்கும் பண்ணைக்கும் கட்டுப்படாமல் கையில் காசாகச் சம்பளம் வாங்கின ஜனங்கள். ஒரு பைசா கொடுத்துப் பத்திரிகை வாங்கலாம், படிக்கத் தெரிந்த ஒருவர் படித்தால் லைன் முழுக்க உட்கார்ந்து கேட்கலாம்.

அந்தப் பத்திரிகையில் பண்டிதர் 'ஆதிவேதம்' எழுதினார். புத்தரின் வாழ்க்கையும் போதனையும்தான் உள்ளே இருப்பது. 1912-ல் புத்தகமானது. அதற்கு ஏன் வேதம் என்று பெயர் என்பதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் நம் விஷயம். பாவம் செய்யாதே, நன்மை செய், மனத்தைச் சுத்தமாக வை என்று புத்தர் சொன்னவை மூன்று வாக்கியங்கள், திரிபிடகம் என்பது அவையே. அவை ஒன்றுக்கொன்று பொருளால் பேதப்பட்டவை. எனவே 'பேத வாக்கியம்'. பேதம் என்பதே வழக்கில் வேதம் ஆயிற்று. ஆகவே முதல் வேதம், ஆதி வேதம், புத்தருடைய வாக்குதான். பிற்பாடு வந்த 'வேஷ பிராமணர்'கள் பெயரை எடுத்துக்கொண்டு உள்ளே வேறு சரக்கைப் போட்டுவிட்டார்கள். இதுதான் அவர் வாதம். திருக்குறளையும் அவர் 'திரிக்குறள்' என்றே எழுதுவார், திரிபிடகம் மாதிரி. அந்தக் குறளுக்கும் அவருக்கும் குடும்பத் தொடர்பு உண்டு. ஆரிங்டன் துரை வீட்டில் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன்தான் குறள் ஓலைச் சுவடியைத் துரை மூலம் எல்லிஸிடம் சேர்ப்பித்தார் என்று அவர் எழுதியிருக்கிறார். மேலே ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அந்த எல்லிஸ். போலி வேதத்தைப் பிடித்தவர் கையில் பொதுமறை போய்ச் சேர்ந்தது ஒரு பட்லர் வழியாக!

பேதம், வேதம் விளக்கம் மொழியியல்படி நிற்குமா? நிற்காது. பேதத்தின் வேர் 'பித்', பிளப்பது. வேதத்தின் வேர் 'வித்', அறிவது. இரண்டும் வேறு. இதைச் சொல்லாமல் மழுப்பினால் பண்டிதருக்கு நான் மரியாதை செய்ததாக ஆகாது. அவரே எல்லாவற்றையும் கேள்வி கேட்டவர். ஆனால் ஒன்று. சொல்லுக்குச் சொந்தக் கதை கட்டாத சமயம் எது? ஒலிப் பொருத்தத்தை வைத்து வேர் சொல்வது யாஸ்கரின் நிருக்தம் காலத்திலிருந்தே நம் நாட்டில் நடப்பதுதான். அங்கே அது சாஸ்திரம், ராயப்பேட்டையில் செய்தால் மட்டும் பிழையா?

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நொபிலி பாதிரியார் வேதம் என்ற சொல்லை எடுத்தபோது அவர் வெளியிலிருந்து வந்து இரவல் வாங்கினார். ஆழ்வாரின் அடியார்கள் எடுத்தபோது பங்கு கேட்டார்கள். பண்டிதர் இரவலும் கேட்கவில்லை, பங்கும் கேட்கவில்லை. அது முதலில் எங்களுடையது, திருப்பிக் கொடு என்றார். காதில் ஈயம் காய்ச்சி ஊற்று என்று எழுதிய சட்டத்துக்குப் பதில், அந்தச் சத்தமே எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியது என்பது. 1911 குடிக்கணக்கெடுப்பில் பௌத்தர் என்றே பதியச் சொல்லி எழுதினார். பூமிக்கு அடியில் எட்டு மணி நேரம் பாறையில் துளை போட்டுவிட்டு மேலே வந்த மனிதர்கள், ஞாயிற்றுக்கிழமை குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மாரிக்குப்பத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டார்கள்.

பண்டிதர் 1914 மே 5 அன்று இறந்தார். 1926-ல் 'தமிழன்' மறுபடி எழுந்தது தங்கவயலிலிருந்து, ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக. பண்டிதரின் சிறு நூல்களைத் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை திரும்பத் திரும்ப அச்சிட்டது. அப்பாதுரையார் தானும் புத்தரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் 'புத்தர் அருளறம்'. கவனித்தீர்களா, வேதம் இல்லை, அறம். சுயமரியாதை இயக்கம் அடித்த காற்று அது. வேதத்தை மீட்பதைவிட விட்டுவிடுவது நல்லது என்று அந்தத் தலைமுறைக்குத் தோன்றியிருக்கலாம். அம்பேத்கரின் கடைசிப் பெரிய நூலிலும் 'தம்மம்' என்ற சொல்தான் தலைப்பில் இருக்கிறது. பண்டிதரின் எழுத்துகளை ஞான.அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-ல் வெளியிட்டபிறகுதான் வெளியுலகம் 'ஆதிவேத'த்தைப் பரவலாகப் படித்தது. எங்கள் லைன்களில் அது பேச்சு வழக்கில் இருந்துகொண்டே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா வாயில் அது வருகிறதே!

பிடகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாலியில் பிடகம் என்றால் கூடை. திரிபிடகம் மூன்று கூடை. ஓலைகளைக் கூடையில் போட்டு வைத்ததால் அந்தப் பெயர் என்பது வழக்கமான விளக்கம். 19-ம் நூற்றாண்டு பாலி அறிஞர்கள் சிலர் வேறொன்று சொன்னார்கள். மண் தோண்டும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று கூடையைக் கைக்குக் கை மாற்றுவார்கள் இல்லையா, அதுபோலக் குருவிடமிருந்து சீடனுக்கு மாறி வந்த உபதேசம் என்பதால் பிடகம் என்று. சரியோ தப்போ, சுரங்க ஊர்க்காரனுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. வேதம் அறிதலிலிருந்து வந்தது, கிரந்தம் கயிற்றிலிருந்து, பைபிள் நாணலிலிருந்து. இது மண் சுமக்கும் கூடையிலிருந்து.

தங்கம் என்றதும் இன்னொரு 'வேத'மும் ஞாபகம் வருகிறது. சித்தர்கள் வழக்கில் மட்ட உலோகத்தைப் பொன்னாக்குவது 'வேதித்தல்', அந்த வித்தை 'வேதை'. நாம் பள்ளியில் படித்த வேதியியலும் அந்தப் பக்கத்துச் சொல்தான். இதற்கும் ரிக் வேதத்துக்கும் சம்பந்தம் இல்லை, ஒலி ஒற்றுமை மட்டுமே. எங்கள் ஊரில் சயனைடு ஊற்றி மண்ணிலிருந்து பொன்னைப் பிரித்தது அசல் வேதியியல். அதன் மிச்சம் சாம்பல் நிறத்தில் மலை மலையாக இன்னும் நிற்கிறது. காற்றடித்தால் வீட்டுக்குள் வரும்.

ஆனால் வேதனை என்ற சொல்லுக்குச் சம்பந்தம் உண்டு. அது அதே 'வித்'திலிருந்து வந்தது. அறிவது, உணர்வது. பௌத்த நூல்களில் வேதனை என்றால் இன்பம் துன்பம் இரண்டையும் சேர்த்த உணர்ச்சி. தமிழில் மட்டும் அது துன்பத்தோடு நின்றுவிட்டது.

மகளிடம் இதெல்லாம் சொன்னேன். பாதி கேட்டாள், பாதி போனைப் பார்த்தாள். "அப்போ நான் எழுதினது ரைட்டாப்பா?" என்றாள். டீச்சர் கேட்டது எந்த வேதம் என்று கேள்வியில் இல்லையே, அதனால் உன் பதிலும் ரைட், டீச்சர் பதிலும் ரைட் என்றேன். "ரெண்டும் எப்படி ரைட் ஆகும்?" என்று அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. டீச்சருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன், மதிப்பெண்ணுக்காக இல்லை, அடுத்த முறை கேள்வியை 'வேதம் என்ற சொல்லை யார் யார் எதற்குச் சொல்கிறார்கள், வீட்டில் கேட்டு வா' என்று மாற்றிக் கொடுக்க முடியுமா என்று. முயற்சி செய்கிறேன் என்று பதில் வந்திருக்கிறது. அந்த வகுப்பில் யாழ்ப்பாணப் பிள்ளைகள், நாகூர்ப் பிள்ளைகள், நாகர்கோவில் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். என்னென்ன வரும் என்று பார்க்க எனக்கே ஆவலாக இருக்கிறது.

அம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். தாத்தா படித்த அந்தப் புத்தகம் எங்கே? சுரங்கம் மூடின வருஷம் வீடு மாறும்போது தகரப் பெட்டியில் போட்டதாம். அட்டை இல்லை, முதல் பத்துப் பக்கம் இல்லை, நடுவில் செல்லரித்திருக்கிறதாம்.

"உனக்குப் படிக்கத் தெரியாதே, எதுக்கு வச்சிருக்க?"

"உங்க தாத்தா ஷிஃப்ட்டு முடிஞ்சி வந்து கைகால் கழுவிட்டுத்தான் அதத் தொடுவாரு. அதப் போயி எடைக்குப் போடச் சொல்றியா?"

டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். ஸ்கேன் எடுத்து வைக்க வேண்டும்.